ஐந்து நிமிட நடை

"தூரம்னு ஒண்ணு இந்த உலகத்துல கெடையாது சார். எதையும் நான் அஞ்சு நிமிஷ நடையாக்கிக் காட்டுவேன்."

தாம்பரத்து மனைத் தரகர் ஏகநாதன் இப்படி முழங்கியதை வாய்ச் சவடால் என்று யாரும் தள்ளிவிட முடியாது. கோவிலம்பாக்கம் ஏரிப் பக்கம் அவர் போட்ட லேஅவுட், நோட்டீஸில் பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது. ஞாயிறுதோறும் இலவச வேனில், மடியில் சாம்பார் சாதப் பொட்டலத்தோடு போய்ப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். சாப்பிட்டுக்கொண்டே போனால் எந்த ஊரும் கிட்டத்தான். அந்த வழியை ஒருநாளும் நடந்து பார்க்காத ஏகநாதனும் நம்பினார். அண்ணன் சொல்லை நம்பி, தங்கை கிளியம்மாள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு போனாள்.

எண்பத்தாறில் வால் நட்சத்திரம் வந்தது. மனை பார்க்க வருகிறவர்களுக்கு அதுவும் இலவசம் என்று அறிவித்தார். அன்று பார்த்து மேகம். கூட்டம் கலையாதிருக்க, அறிவியல் வாத்தியார் தேவானந்தம் சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டார். சூரியன் ஒரு சாத்துக்குடி. பன்னிரண்டு எட்டு தள்ளி ஒரு கசகசா, அதுதான் பூமி. அதோ வரப்போரம் ஒரு சுண்டைக்காய், அது வியாழன். கடைசிக் கிரகம் வேன் நிற்கிற முனையில். அடுத்த நட்சத்திரம்?

"இன்னொரு சாத்துக்குடி. மஸ்கட்ல."

கூட்டம் வாயைப் பிளந்தது. மனை விற்றதோ இல்லையோ, சுற்றுவட்டாரப் பள்ளிகள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. ஆகாயத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பொய் சொன்னதில்லை. பொய்யெல்லாம் பூமிக்குத்தான்.

தொண்ணூற்றொன்றில் ஒரு கல்யாணப் பந்தியில் தங்கையைப் பார்த்தார். அவள் மகள் பேபியின் பள்ளிக்கும் வந்து சாத்துக்குடி காட்டட்டுமா என்று பெருந்தன்மையோடு கேட்டார்.

"அவ நின்னுட்டாண்ணா, போன மழையிலயே. ஸ்கூலு ஸ்டேஷனாண்ட கீது. அஞ்சு நிமிஷ நடை. அவளாலதான் முடியல."

கிளியம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் பாயசத்தைப் பாதியில் விட்டு இலையை மூடினார்.

அடுத்த ஞாயிறு, பை நிறையச் சாத்துக்குடியோடு பல்லாவரத்தில் இறங்கி நடந்தார். வழி கிட்டத்தான் என்று நிரூபித்து, பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதாகத் திட்டம். அவர் கணக்குப்படி கிரகங்கள் எல்லாம் ஸ்டேஷன் ரோட்டிலேயே முடிந்துபோயின. சாலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சேற்றில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இந்தச் சேற்றில்தான் அந்தப் பிள்ளை புத்தகப் பையோடு தினமும் என்று தொடங்கிய நினைப்பை முடிக்க அவருக்குத் தெம்பில்லை.

வாசலில் பேபி தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் சொம்பையும் குடித்தார்.

"வேன்லயா மாமா வந்தீங்க?"

"இல்லம்மா, நடந்து."

அவள் தையல் மிஷினுக்குத் திரும்பினாள். ஏகநாதன் ஒரு சாத்துக்குடியை எடுத்தார். பழக்கதோஷத்தில், கசகசா வைக்கக் கண் இடம் தேடியது. பழத்தைப் பைக்குள்ளேயே போட்டார்.

"தூரம்தாம்மா" என்றார், யாரும் கேட்காமலே.