பாறை பாடும் என்று எழுதினேன்

"மேல சாமி இருக்குதாம்மா?" என்று பாவா கேட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பாவா என் அக்காவின் கணவர். நான் திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே பிரெஞ்சு நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவள். அப்போது கையில் இருந்தது பாறை ஏறுகிறவர்களுக்கான வழிகாட்டி. எந்தப் பாறை எந்த வகை, எங்கே கை வைப்பது, எங்கே கால் வைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும். மேலே சாமியெல்லாம் இல்லை, சும்மா ஏறி இறங்குவார்கள் என்றேன். கிருத்திகைக்கு மலை ஏறி இறங்கிவந்த களைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், "வேல வெட்டி இல்லாதவங்க" என்றார்.

எனக்குப் பாறையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அகராதியில் இருந்ததுதான். பாறைச் சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய கற்பலகைக்கு, மீன் செதிலுக்கான சொல்லையே பிரெஞ்சில் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளேக். அது சரியாகத்தான் வந்தது. தட்டினால் அது உள்ளே ஒன்றுமில்லாததுபோல ஒலிக்கும் என்றது அடுத்த வரி. ஆசிரியர் ரசித்து எழுதியிருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு, 'தட்டினால் பாறை பாடும்' என்று எழுதி, பதிப்பகத்துக்கு அனுப்பியும் விட்டிருந்தேன். பெருமை தாங்காமல் அதைப் பாவாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டப் போவதற்கு முன்பு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கல்குவாரியில் பல வருஷம் வேலை பார்த்தவர். "பாடாதும்மா. அந்தச் சத்தம் வந்தா கல்லு வுட்டுடுச்சுன்னு அர்த்தம். தொட்டாலே வந்துடும். எவனாவது அத நம்பித் தொங்கினா?"

உடனே சென்னையிலிருந்த பதிப்பாசிரியருக்குப் போன் செய்தேன். அச்சுக்குப் போகிற நேரம். என் முதல் புத்தகம் வேறு. தப்பை ஒப்புக்கொண்டால் அடுத்தது வராது என்று பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். அவர் சிடுசிடுத்தார், ஆனாலும் நிறுத்தி வைத்தார். நூலாசிரியரிடமும் கேட்டு, எச்சரிக்கையை விரித்தே எழுதினோம். நான் பேசி முடிக்கும்வரை பாவா கிளம்பவில்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டபோதும், "பஸ்ல வந்துகினே இருக்கேன்" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

புத்தகம் வந்ததும் பொதட்டூர்பேட்டைக்கு எடுத்துப் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து, அந்த இடத்தைப் படிக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன்: "இந்தக் கல்லுக்குப் பிடிமானம் இல்லை. இழுக்காதீர்கள். கீழே நிற்பவரை நகரச் சொல்லுங்கள்." இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"குவாரில அன்னிக்குக் கீழ என் கூட்டாளி நின்னுகினு இருந்தான்" என்றார். "எனக்குச் சத்தம் கேட்டுச்சு. சாப்பாட்டு நேரம் வரிக்கும் தாங்கும்னு நினைச்சிட்டேன். அவன்கிட்ட சொல்லல."

குவாரியை அவர் ஏன் விட்டார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெயில் தாங்காத மனுஷன் என்று நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறுறவங்க எல்லாரும் இத படிச்சிட்டுத்தான ஏறுவாங்க?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

"ஆங், பாவா. எல்லாரும் படிச்சிட்டுத்தான் ஏறுவாங்க" என்றேன். இன்றைக்கு அவர் இருந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.