மூணு பாட்டில் மிஸ்

"மிஸ், பச்சை?"

"கடையில தீர்ந்துபோச்சு. உன் கிண்ணத்துல இருக்கா பாரு."

சொல்லிக்கொண்டே டீச்சர் தூரிகைகளை உயரவாரியாக அடுக்குகிறார். மஞ்சள், சிவப்பு, நீலம் தவிர மற்ற சாய பாட்டில்களெல்லாம் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி அவர் இடுப்பில். அதனால் பாலர் வகுப்பில் அவருக்கு 'மூணு பாட்டில் மிஸ்' என்று பெயர். "வெளியில சொல்லிடாதே, வேற மாதிரி நினைச்சுக்குவாங்க" என்பது அவர் கணவரின் கவலை.

மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பதை வருஷக்கணக்காகப் பார்க்கிறார், இன்னும் அலுக்கவில்லை. ஆசை மிஞ்சி யாராவது மூன்றையும் குழப்பிச் சேறாக்கினால், "கரடி வரையலாம்டா ராசா" என்பார். மற்றபடி சுத்தம் என்றால் உயிர். மேசையில் ஒரு சொட்டு சிந்தினால் பேச்சை நிறுத்திவிட்டுத் துடைப்பார். ஆனால் பிள்ளைகள் வரையும் துணியில் மட்டும் கை வைக்கமாட்டார். "நான் தொட்டா அது என்னுது ஆயிடும்."

இன்று மெழுகு. வெந்நீர்ப் பாத்திரத்தில் உருகி நிற்பதைத் தொட்டுத் துணியில் வரைய வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. எதையும் பாதியில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடும் ரெட்டைச்சடைக்காரி இன்று நகரவே இல்லை. மீன் வரைந்தாள். மீனுக்குத் தண்ணீர் வேண்டுமே? அதையும் மெழுகிலேயே வரைந்தாள். ஒரு நூல் இடம் பாக்கியில்லை.

பிறகு நீலத்தைப் பூசினாள். அது முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. துணி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"ஒண்ணுமே வரல மிஸ். எனக்கு வராது." தூரிகையை வைத்துவிட்டாள்.

டீச்சர் துணியை எட்டிப் பார்த்தார். முதல்முறையாக முழுசாகச் செய்திருக்கிறாள். இப்போது எழுந்து போனால் இனித் தூரிகையைத் தொடமாட்டாள். வழியில்லாமல் இல்லை. துணியைக் கசக்கினால் மெழுகு வெடிக்கும். வெடிப்பில் நீலம் இறங்கிக் கோடு கோடாக அலை விழும். ஆனால் வாயால் சொன்னால் நம்புகிற முகமாக அது இல்லை. பிடுங்கிக் கசக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

கண்காட்சிக்காக அவரே ஒரு வாரம் மெழுகிட்ட துணி கம்பியில் தொங்கியது. கோடு பிசகாத பூக்கள்; சாயம் ஏற்றுவதுதான் பாக்கி. அதை இறக்கிக்கொண்டு வந்து சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மிஸ், உங்க பூ கெட்டுப்போயிடும்."

"போகட்டும்."

இரண்டு கைகளாலும் பந்தாகக் கசக்கினார். மெழுகு மொறுமொறுவென்று உடைந்தது.

"இன்னும்" என்றாள் சிறுமி, தன் துணியை மடிக்கு இழுத்துக்கொண்டு.

டீச்சர் இன்னும் கசக்கினார்.