நாற்பது இட்லியும் என் மீசையும்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் எவனாவது நாலாவது தடவை சோறு கேட்டால், "ஏன்டா, அந்த சினிமா டைரக்டருக்கு நீ பங்காளியா?" என்று கேட்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர் ஒரு வேளைக்கு நாற்பது இட்லி சாப்பிடுவார், ஆட்டுத் தொடை ஒன்றைத் தனி ஆளாக முடிப்பார், விழுப்புரம் ஜங்ஷனில் அவர் வடையைத் தின்று முடிக்கும்வரை ரயில் கார்டு பச்சைக் கொடியைக் காட்டவில்லை என்றெல்லாம் கதைகள். அவருக்குக் கொஞ்ச நாள் கார் ஓட்டியவன் என்பதால் கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். "நீங்க கண்ணால பாத்தவராச்சே, நெஜமா?" இத்தனை வருஷமாக எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலுக்காக என் மீசையையே கொடுத்திருக்கிறேன். இனி உண்மையைச் சொல்லலாம். கேட்டு வருத்தப்படக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை.

அறுபதுகளில் நான் கடலூர் முதுநகரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், துறைமுகத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முதல் நாள் வைத்த மீன் குழம்பை மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றுவார். அந்தக் குழம்புக்காகவே நெல்லிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் உண்டு.

பிச்சாவரத்து உப்பங்கழியில் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. டைரக்டர் சிதம்பரத்தில் டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார். துறைமுகத்தில் இடம் பார்க்க வந்தபோது அவருக்கு மச்சான் கடைக் குழம்பின் வாசனை பிடித்துப்போனதாம். அவர் போக வர என் கார், அவர் காலைச் சாப்பாட்டுக்கு மச்சான் கடை என்று ஏற்பாடாயிற்று. விடிந்ததும் நான் நாற்பது இட்லி, ஒரு தூக்கு மீன் குழம்பு, இருபது பொரித்த சங்கரா மீன், எல்லாவற்றையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போவேன். சாயங்காலம் பாத்திரங்கள் கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பும். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாப்பதும் காலி மாப்ள! ஒத்த ஆளு! கொழம்பு கூட வழிச்சு வுட்டிருக்காரு!"

எனக்கு ஒரு கெட்ட குணம். யாராவது அளந்துவிட்டால் சும்மா இருக்க வராது. அண்டப்புளுகு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு, ஆனால் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு பெயர் இருந்தது.

"ஒரு மனுஷன் வயிறு இன்னா கோணியா மச்சான்? நாப்பது இட்லி உள்ள போனா அவரு உக்காந்த எடத்துலேருந்து எழுந்திருக்க முடியாது."

"நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. அவர் சாப்பிடும்போது அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். கண்பட்டுவிடும் என்று வாசலில் நிற்கிற உதவி டைரக்டர் சொல்வார். அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. அவ்வளவு சாப்பிடுகிறவருக்குக் கண் படாமல் யாருக்குப் படும்?

கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே பேச்சு முற்றியது. மச்சான் தன் மீசையைத் தொட்டார். அவர் தின்பது பொய்யானால் தன் மீசை, உண்மையானால் என் மீசை. சாட்சி யார் என்று கேட்டதற்கு, "நீயேதான். நீ பொய் சொல்ல மாட்டே. பாத்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் தெருவில் அப்பன் உயிரோடு இருக்கிறவன் மீசையை எடுக்க மாட்டான். எடுத்தால் சாவு விழுந்தது என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் அப்பாக்கள் திடமாக இருந்தார்கள். என் மீசை வேறு அந்த வட்டாரத்திலேயே பேசப்பட்ட மீசை. எண்ணெய் தடவி நுனியை முறுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தைத் தாங்கும் என்று என் மனைவியே சொல்வாள்.

பந்தயம் கட்டிய மூன்றாம் நாள் காலை பங்களா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் பக்கவாட்டிலிருந்து எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு வந்தார். அதில் மீன் முள் தெரிந்தது. வாங்கி விரித்துப் பார்த்தேன்.

மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு முள் என்பது கையெழுத்து மாதிரி. பார்த்தாலே யார் தின்றது என்று தெரியும். ஒருவன் தலையை உறிஞ்சிச் சக்கையாக்கியிருந்தான். ஒருவன் தலையைத் தொடவே இல்லை. ஒருவன் நடுமுள்ளைச் சீப்பு மாதிரிச் சுத்தமாக உருவிப் போட்டிருந்தான். இன்னொருவன் மீன் தின்று பழகாதவன். சதையோடு பிய்த்து வீணாக்கியிருந்தான். வேறொருவன் வால் வரைக்கும் மென்றிருந்தான். ஒரே ஆள் ஒரே வேளையில் ஐந்து விதமாக மீன் தின்ன மாட்டான். மச்சானுக்கும் முள் படிக்கத் தெரியும், காட்டினால் மறு பேச்சுப் பேச மாட்டார். முள்ளையெல்லாம் ஒரு செய்தித்தாளில் கட்டி டிக்கியில் பத்திரப்படுத்தினேன். அப்போதே மச்சானின் மொழுமொழு முகம் கண்ணில் தெரிந்தது. சிரித்துக்கொண்டே பங்களாவின் பின்பக்கம் போனேன்.

பின் தாழ்வாரத்தில் ஆறு லைட்மேன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் ஆறு பேர் தின்று எழுந்திருந்தார்கள், இது இரண்டாம் பந்தி. குழம்புத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தவர் டைரக்டர். அவருக்குப் பக்கத்தில் படிக்கட்டின் மேல் ஒரு டம்ளர் மோர்க்கஞ்சி இருந்தது.

"என்ன டிரைவர், ஹாரன் அடிக்காம வந்துட்டீங்க?" என்றார்.

"நீங்க சாப்பிடலையா சார்?"

"இதோ" என்று கஞ்சியைக் காட்டினார். "வயித்துல புண்ணு. காரம் தொடக்கூடாது. இந்தக் குழம்பை வாசனை பிடிக்கிறதோட சரி."

அவர் உருவத்துக்கும் அந்த டம்ளருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் ஏறினால் என் கார் ஒரு பக்கம் சாயும்.

"கம்பெனியில ஆளுக்குத் தகுந்த சாப்பாடு. லைட்மேனுக்கு உப்புமா, அதுவும் ஆறிப்போனது. டைரக்டர் கேட்டா மட்டும் எதுக்கு இவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால நான் கேக்கறேன். போற ஊர்லல்லாம் தீனிப்பண்டாரம்னு பேரு. இருந்துட்டுப் போகட்டுமே."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், இதுல என் மீசை மாட்டியிருக்கு சார்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லைட்மேன்கள் இட்லியைப் பிய்த்த கையோடு என்னையே பார்த்தார்கள். டைரக்டர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மீசை திரும்ப வளந்துடும் தம்பி. விஷயம் வெளிய போச்சுன்னா நாளைக்கே இவங்களுக்கு மறுபடியும் உப்புமா. ஆனா மீசை உங்களோடது. நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நல்ல மீசைண்ணே" என்றார் ஒரு லைட்மேன், வருத்தமாக. வாய் நிறைய மீன் இருந்தது.

அன்று முழுக்க எனக்குக் கோபம். யாரோ பன்னிரண்டு பேர் மீன் தின்ன நான் ஏன் முகத்தை மழிக்க வேண்டும்? ஜெயித்த பந்தயத்தில் தோற்றேன் என்று சொல்வதைவிடக் கேவலம் உண்டா? சாயங்காலம் டிக்கியில் முள்ளோடு கிளம்பினேன். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். வரிசையாகக் குனிந்திருந்த அந்த ஆறு தலைகளும், "நல்ல மீசைண்ணே" என்ற அந்தக் குரலும் விட்டுத் தொலைக்கவில்லை. பொட்டலத்தை ஆற்றில் போட்டுவிட்டு, என்னை நானே திட்டிக்கொண்டு வீடு வரை ஓட்டினேன்.

மச்சான் கடை வாசலிலேயே நின்றார். "என்னா மாப்ள, பாத்தியா?"

"பாத்தேன். நாப்பது இல்ல மச்சான்."

அவர் முகம் செத்துப்போயிற்று. கை தானாக மீசைக்குப் போனது.

"நாப்பத்திரண்டு. பத்தலைன்னு சிதம்பரத்துலயே ரெண்டு வாங்கித் தின்னாரு" என்றேன். பொய் என்று இறங்கிய பிறகு இரண்டில் என்ன கஞ்சத்தனம்!

சலூன்காரர், "யாரு தவறிட்டாங்க?" என்று துக்கமாகக் கேட்டுக்கொண்டே மழித்தார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. மூன்று பெண்கள் மாரடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். வாசலில் அப்பா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அழுகை பாதியில் நின்றது. அப்பா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய், நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், யாருக்குடா மீசைய எடுத்தே?"

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பந்தயத்தைச் சொன்னேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் ஊரில் யாராவது அந்த இட்லிக் கதையைச் சந்தேகப்பட்டால் அவரால் பொறுக்க முடியாது. "எம் மவன் நான் உசுரோட இருக்கச்சே மீசைய எடுத்திருக்கான். பொய்க்கு எடுப்பானா?" என்பார். அதன் பிறகு பண்ருட்டி வரைக்கும் அந்தக் கதையை யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை டைரக்டர் காரில் ஏறினார். கண்ணாடியில் என் மேலுதட்டைப் பார்த்தார்.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"நாப்பத்திரண்டு சார்."

என் தோளில் ஒரு முறை கையை வைத்து எடுத்தார்.

படப்பிடிப்பு முடிந்த அன்று, "உங்க மச்சான் கடைக்கு வண்டிய விடுங்க. சொல்லிட்டுப் போகணும்" என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பயந்தபடியே ஆயிற்று. கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. மச்சான் பெரிய தலைவாழை இலையைப் போட்டு இட்லியைக் குவித்தார். எல்லோருக்கும் முன்னால் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. மகன் மீசையை விழுங்கிய வயிற்றை நேரில் பார்க்க வந்திருந்தார். இவர் ஒரு இட்லியோடு எழுந்தால் நான் பொய்யன். அப்பா முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

டைரக்டர் இலையைப் பார்த்தார். பிறகு என் உதட்டைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "குழம்பை நல்லா ஊத்துங்க" என்றார்.

அந்த வயிற்றுப் புண்ணுக்கு அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வாயாகத் தின்றார். நெற்றி வியர்த்தது, கண் சிவந்தது. "உறைக்குதா சார்?" என்று மச்சான் கேட்டதற்கு, "பிரமாதம்" என்றார். ஆறாவது இட்லியை முடித்து இலையை மடித்தார்.

"இன்னா சார், அவ்ளோதானா?" மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலையில பங்களாவுல முப்பத்தாறு ஆச்சே" என்றார் டைரக்டர்.

மச்சான் விரல்விட்டுக் கூட்டினார். "நாப்பத்திரண்டு! மாப்ள சொன்ன அதே நாப்பத்திரண்டு!" தெரு கை தட்டியது. அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்து என் முதுகில் ஒன்று வைத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான்.

சிதம்பரம் போகிற வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது இடத்தில் மோர் வாங்கிக் கொடுத்தேன். மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குடித்தார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

மீசை இரண்டு மாதத்தில் பழையபடி வளர்ந்துவிட்டது. அவர் நிஜமாகவே அவ்வளவு சாப்பிடுவாரா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். நான் பார்த்து அவர் சாப்பிட்டது மொத்தம் ஆறு இட்லி. அந்த ஆறும் எனக்காகச் சாப்பிட்டது.