வாயடைத்துக் கிடந்த எட்டு மாதம்

எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் மேல் ஒரு பலாப்பழம் விழுந்தது. இடி விழுந்த மாதிரி சத்தம். அடுப்படியில் இருந்த நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். வாசலில் கோழிகள் பறந்தன. வெங்காயத் தோலை ஊதி விளையாடிக்கொண்டிருந்த என் மகள் தர்ஷினி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

அப்போது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம். மூளை உறை அழற்சி (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தொற்றி வீங்குவது) வந்து, வேலூரில் மூன்று வாரம் கிடந்து, வீட்டுக்குத் திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பிழைத்ததே பெரிது என்று குலசாமிக்குப் பொங்கல்கூட வைத்துவிட்டோம். நான் அவள் பின்னால் போய் நின்று தட்டில் கரண்டியால் அடித்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் தோலை ஊதிக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சலுக்கு முன் அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வரும். அம்மா, பால், காக்கா, வா, போ. அடுத்த இரண்டு மாதத்தில் அவை ஒவ்வொன்றாக வாயை விட்டுப் போயின. கடைசியில் மிஞ்சியிருந்தது 'வா'. ஒரு நாள் அதுவும் இல்லை.

"ரெண்டு காதும் போயிடுச்சும்மா. இந்த நோய்ல உள்காது எலும்பா இறுக ஆரம்பிக்கும். இறுகிட்டா கருவி உள்ள போவாது. தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். அரசுக் காப்பீட்டில் காக்ளியர் கருவி (உட்காதுக்குள் அறுவை செய்து பொருத்துவது; ஒலியை நரம்புக்கு நேராக அனுப்பும்) வைத்தார்கள். வெளிப்பகுதி காந்தத்தால் அவள் தலையில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு இரண்டு வயது நிறைந்த வாரத்தில் அதை முடுக்கினார்கள்.

பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் அன்று சொன்னது எனக்கு மனப்பாடம். "இன்னிக்குத்தான் இந்தக் காது பொறந்திருக்கு. மூணு மூணரை வயசுக்குள்ள எவ்ளோ பேச்சு விழுதோ, அவ்ளோ நல்லது. அப்புறம் மூளை அந்த எடத்த வேற வேலைக்கு எடுத்துக்கும். வூட்ல தெளிவா பேசுங்க, நெறைய பேசுங்க."

நான் 'தெளிவா' என்பதைப் பிடித்துக்கொண்டேன். 'நெறைய' என்பதை விட்டுவிட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் மலைமேல் புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். கீழே விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தேன். நான் வாயைத் திறந்தாலே உடன் படித்தவர்கள் என் மலைப் பேச்சை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். தெளிவு என்றால் புத்தகத்தில் இருப்பது என்று அன்றே என் மனதில் பதிந்துவிட்டது. அரைக்காதோடு கிடக்கும் குழந்தைக்கு எங்கள் பேச்சு விஷம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சட்டம் போட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். படி என்றால் வாசற்படி. சாமை அளக்கும் படியை யாரும் படி என்று சொல்லக் கூடாது. ஆறு என்றால் எண். பால் 'ஆறட்டும்' என்று சொல்லக் கூடாது. பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

என் கணவர் ஏழுமலை திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறவர், வாயாடி. மகளை "வாடி என் தாயே" என்றுதான் தூக்குவார்.

"அவளைத் தாயேன்னு கூப்டா, தாய் யாருன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சண்டை போட்டேன்.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவர் பேச்சு குறைந்தது. வெளியே போய் நாயோடு பேசினார். எனக்கு அது தெரியும். நல்லதுதான் என்று நினைத்தேன்.

வீட்டில் இன்னொருவர் என் ஓரகத்தி மல்லிகா அக்கா. அவர் புருஷன், என் கணவரின் அண்ணன், குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதால் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். பட்டியலைப் படிக்கத் தெரியாததால் அவர் மொத்தமாகவே பேச்சை விட்டுவிட்டார்.

எட்டு மாதம். நான் அட்டையைக் காட்டிக் காட்டி "இது படி. இது பால்" என்று நாளுக்கு நூறு முறை சொன்னேன். தர்ஷினி என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு தலையிலிருந்து கருவியைப் பிடுங்கிப் போடுவாள். சோதித்துப் பார்த்தால் காது நன்றாகக் கேட்கிறது, கருவியிலும் கோளாறு இல்லை. அப்படியானால் மூளைதான் போய்விட்டது என்று நான் நினைக்கத் தொடங்கினேன்.

"ஒரு நாள் காலைல வூட்ல நடக்கறத போன்ல பதிஞ்சு எடுத்துட்டு வா" என்றார் டீச்சர். பதிந்து கொண்டுபோனேன். அவர் மேசையில் வைத்து ஓடவிட்டார். பாத்திரம் உருளும் சத்தம். கோழி. குக்கர் விசில். நடுநடுவே என் குரல் மட்டும்: இது படி. இது பால்.

டீச்சர் நிறுத்தினார். "இன்னாம்மா இது? எழவு வூட்ல கூட பேச்சு இருக்குமே."

நான் பட்டியலைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு சொல்லுக்கு நாலு பொருள் இருந்தா கொழந்த ஒண்ணும் கொழம்பாதும்மா. கூட வர்ற பேச்சும் கையில இருக்கற வேலையும் எதுன்னு காட்டிக் குடுத்துரும். நீயும் நானும் அப்பிடித்தான் கத்துக்கினோம். தனியா ஒரு சொல்ல எடுத்து நூறு வாட்டி சொன்னா, அதுல இன்னா இருக்கு புடிச்சிக்க?"

"எட்டு மாசம் போச்சே டீச்சர்."

"போச்சுதான்" என்றார்.

திரும்பி ஜீப்பில் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் இது கவிழ்ந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மடியில் அவளும் இருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. நோய் அவள் காதை மட்டும்தான் எடுத்தது. மிச்சத்தை எடுத்தது நான்.

வீட்டுக்கு வந்து பட்டியலைக் கிழித்தேன். "அக்கா, இனிமே அவகிட்ட பேசுங்க. எப்பவும் போல பேசுங்க" என்றேன்.

மல்லிகா அக்கா அழுதுவிட்டார். "நான் வாயத் தொறந்தா கொழந்தைக்குக் கெடுதல்னு நீதான சொன்ன சுமதி. எட்டு மாசமா அது மொகத்தப் பாக்கவே எனக்கு பயம். இப்போ பேசுன்னா, இன்னா பேசுவேன்?"

அவர் வாய் திறக்கவே சில நாட்கள் ஆயின. முதலில் கோழியைத் திட்டினார். பிறகு அடுப்பை. பிறகு குடகிலிருந்து போன் செய்யாத புருஷனை. தர்ஷினி பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமை அளக்கும்போது அக்கா உரக்க எண்ணுவார்: "லாபம்... ரெண்டு... மூணு..." அளவையில் முதல் படியை எங்கள் பக்கம் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். பழைய நானாக இருந்தால் அதையும் தடுத்திருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து வாசலில் கொட்டாங்குச்சியால் மண்ணை அள்ளிக் கொட்டி, தர்ஷினி "யாபம்" என்றாள். அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு மளமளவென்று வந்துவிடவில்லை. இதே நிலையில் இருக்கும் பெற்றோர்கள் இதைப் படித்தால் அந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன். மூன்று வயதில் அவளுக்குப் பதினோரு சொற்கள். மூன்றரையில் முப்பது இருக்கும். இரண்டு சொல்லைச் சேர்க்கத் தெரியவில்லை. நான் காலையில் கண் விழித்ததிலிருந்து பேசினேன். துவைக்கும்போது, புளி தட்டும்போது, அவள் அங்கன்வாடிக்குப் போன பிறகும் பழக்கத்தில் தனியாகப் பேசினேன். குரல் கரகரத்தது. குரல் நாணில் தடிப்பு (ஓயாமல் பேசுவதால் வரும் காய்ப்பு) என்று சொல்லி, பேசாமல் இருக்கச் சொன்னார்கள். எப்படி இருப்பது? இப்போதெல்லாம் மாதத்தைக் கூட நான் கருவி வைத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறேன். அதற்கு முந்தைய காலம் வேறு யாருக்கோ நடந்தது போலிருக்கிறது.

சென்ற மாதம் மூவரும் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மல்லிகா அக்கா கரடி கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல நடுவில் புகுந்து, "பாருடா, ஓட்டை உடைக்கிறோம், கொட்டையை எடுக்கிறோம்" என்று தொடங்கினேன். தர்ஷினி புளி ஒட்டிய கையை என் வாயின் மேல் வைத்தாள்.

"நீ பேசாத. பெரிம்மா பேசட்டும்."

அவள் சொற்களைச் சேர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. அக்கா திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம். அக்கா மேல் பொறாமையும் வந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். டீச்சர் சொன்ன வயதைத் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. இன்னும் எவ்வளவு வரும் என்று அவருக்கும் தெரியாது. அந்தக் காதுக்கு அன்று ஒரு வயது பத்து மாதம்.

நான் வாயை மூடிக்கொண்டேன். தர்ஷினி எழுந்து அக்காவின் மடியில் போய் உட்கார்ந்தாள்.