அடி விழாத பள்ளிக்கூடம்

ஒன்பதாம் வகுப்பில் நான் பெயிலானதில் எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒன்பதாவது வரை எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் ஆச்சரியம். வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று வாத்தியார் மாதிரியே தொண்டையைச் செருமிக் காட்டுவேன். வகுப்பு சிரிக்கும், முதுகில் அடி விழும், வாசிக்க வேண்டிய தொல்லை அதோடு தீர்ந்துவிடும். அடி எனக்கு லாபமான வியாபாரமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதும் அம்மா எங்கெங்கோ விசாரித்து, ஆனைமலை ரோட்டில் தென்னந்தோப்புக்குள் இருந்த ஓர் இடத்தில் சேர்த்தார். கொப்பரை காயவைத்த பழைய களத்துக்குக் கூரை போட்டு, மற்ற பள்ளிகளில் தட்டுத் தடுமாறிய பிள்ளைகளுக்கென்றே நடத்தினார்கள். அங்கே சொல்லித்தருபவரை டீச்சர் என்று கூப்பிடுவது கிடையாது, அக்காதான்.

அப்பாவுக்குத் தேங்காய் உரிக்கும் வேலை. சேர்த்த அன்றே அக்காவிடம், "தோல உரிச்சுப்போடுங்க அம்மணி. கண்ணு ரெண்ட மட்டும் உட்டுருங்க" என்றார். எங்கள் பக்கத்து அப்பாக்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் தொழில் தெரிந்தவர் சொல்லும்போது நான் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டேன்.

"இங்க யாரையும் அடிக்கறதில்லீங்கண்ணா."

"அடிக்காம எப்பிடீங்க படிப்பு ஏறும்?"

எனக்கும் அதே சந்தேகம். உள்ளே போய்க் கடைசி பெஞ்சைத் தேடினேன். பெஞ்சே இல்லை, பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் பதுங்கினேன். பிள்ளைகள் பாயை இழுத்து, தூணையும் சேர்த்து வட்டம் போட்டார்கள். சரி, வித்தையைக் காட்டுவோம் என்று தொண்டையைச் செருமினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் பள்ளிக்கூடத்தில் கோமாளியாக இருந்தவர்கள். என்னைவிட நன்றாகச் செருமினார்கள்.

அக்கா என்னை வாசிக்கச் சொல்லவேயில்லை. "நல்லதா ஒரு பொய் சொல்லு பாக்கலாம்" என்றார். அதில் நான் பட்டம் வாங்காத பண்டிதன். எங்கள் ஊர் எருமை பஸ் ஏறி உடுமலைக்குப் போய், கண்டக்டரோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொன்னேன். அக்கா அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி என்னிடமே நீட்டினார். நான் சொன்ன பொய் எனக்குத் தெரியாதா? விரலை வைத்துக்கொண்டு போனேன். முதல் வரியில் பார்த்த எருமை மூன்றாம் வரியில் மறுபடி வந்தபோது, 'அட, இது நம்ம எருமை' என்று அடையாளம் தெரிந்தது. அப்புறம் தினம் ஒரு பொய். இன்று பொள்ளாச்சியில் இருக்கும் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு நானே போர்டு எழுதினேன். அதில் ஒரே ஒரு தப்புதான், அதுவும் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும்.

அப்பாவுக்கு இந்த எருமைப் படிப்பு பிடிபடவில்லை. தினம் சாயங்காலம், "இன்னிக்காச்சும் அடி உளுந்துச்சா?" என்பார். "இல்லீங்கப்பா" என்பேன். ஒருநாள் பல்லடத்தில் தறி ஓட்டும் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "தொட்டுக்கூடப் பாக்காதது என்னடா பள்ளிக்கூடம்? ஞாயித்துக்கெழம மாமங்கூடத் தறிக்குப் போயிரு."

மறுநாள் அக்காவிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு அடி அடிங்கக்கா. எங்கப்பாவுக்குத் தெரியற மாதிரி."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கோமாளிக்கு இதுதான் கஷ்டம்; உயிர் போகிறது என்றாலும் கைதட்டுவார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு புளியவிளாரை ஒடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. அடுத்ததில் கெண்டைக்கால் தடித்து, எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்தேன்.

"என்றா அது?"

"அக்கா அடிச்சுப்போட்டாங்கப்பா!" மெடல் வாங்கியவன் மாதிரி சொன்னேன்.

அப்பா குனிந்து தடிப்பைத் தொட்டுப் பார்த்தார். ராத்திரி சோறும் வேண்டாம் என்றுவிட்டார். காலையில் வேலைக்குப் போகாமல் என்னோடு பஸ் ஏறினார். நன்றி சொல்லத்தான் வருகிறார், நாலு தேங்காய் கொண்டுவந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அக்காவைப் பார்த்ததும் அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. "ஏனுங்க அம்மணி, புள்ளைய இப்பிடியா அடிப்பீங்க? கையி எப்பிடீங்க வந்துச்சு?"

"நானா? எப்பங்கண்ணா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேறு பொய் அகப்படவில்லை. "நாந்தானுங்க அடிச்சுக்கிட்டேன். அடி உளுந்தாத்தான் இது பள்ளிக்கூடம்னு நம்புவீங்க. இல்லீன்னாத் தறிக்கு அனுப்பிப்போடுவீங்கல்லப்பா."

அப்பாவின் கை உயர்ந்தது. பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்தபோது அந்தக் கை துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டிருந்தது.

"இங்கயே படிக்கட்டுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

களத்திலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். எங்கள் ஊர் பஸ் காலியாகத்தான் வந்தது. அப்பா ஏறவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அடுத்த பஸ்ஸும் போயிற்று.

"எங்கப்பாவுக்கு ஜன்னல் சீட்டு வேணுமாட்ட இருக்குதுங்கக்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஜோக் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.