கன்னத்தில் ஒரு கறுப்புக் கட்டம்

தட்டாஞ்சாவடியில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் சின்னக் கம்பெனியில் எனக்கு அது மூன்றாவது வருடம். ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்று, "கம்பி எடுத்தவ உள்ள வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பதிமூன்று பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சுருள் செம்புக் கம்பியை எடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று நான் எழுதியதுபோல் டைப் அடித்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

ஆதாரம் கேட்டேன். பின்வாசல் கேமராவில் பதிந்த படத்தைக் காட்டினார். கம்பெனியின் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பையோடு வெளியே போகிறாள். அந்தக் கோட்டு எங்கள் எல்லோருக்கும் உண்டு. மேனேஜர் அவள் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய் இடது கன்னத்தில் நிறுத்தினார். ஒரு கறுப்புப் புள்ளி. என் இடது கன்னத்தில் மச்சம் உண்டு.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதற்கு முன் ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருடம் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்தவள் நான். படம் என்பது அடுக்கிவைத்த கட்டங்கள். பிக்சல் என்கிற அந்தக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம்தான். பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும். கேமரா பார்க்காத எதுவும் உள்ளேயிருந்து வராது. இது இன்னாருடைய முகம் என்பது பார்க்கிறவர் மனசில் சேருவது.

மவுஸை வாங்கி முகத்தின் அகலத்தை எண்ணினேன். ஒன்பது கட்டம்.

"ஒரு கட்டம் என் கட்டைவிரல் அகலம் சார். என் மச்சம் மிளகு அளவுதான். அது எப்படி ஒரு கட்டத்தயே கறுப்பாக்கும்? பின்னால செவுத்த பாருங்க, அங்கயும் நாலு கறுப்புக் கட்டம். செவுத்துக்கும் மச்சமா?"

வெளிச்சம் குறைந்தால் மலிவுக் கேமரா இப்படித்தான் புள்ளி போடும் என்றேன். கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போகாமல் விடுகிறேன் என்றார். போலீசையே கூப்பிடுங்கள், ஆனால் இன்று சாயங்காலம் அதே நேரத்துக்கு வேறொருத்தியை அதே வாசலில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மெஷினில் சுற்றும் வீராம்பட்டினத்து அக்கா நான் கேட்காமலேயே வந்தார். அவர் முகத்தில் மச்சமே கிடையாது. "நான் நடக்குறேன். எனக்கும் மொளைக்குதான்னு பாக்கலாம்" என்றார்.

சாயங்காலம் அதே நேரத்துக்கு நடந்தார். படத்தில் அக்காவின் நெற்றியில் ஒன்று, தாடையில் ஒன்று என்று இரண்டு கறுப்புக் கட்டம். மேனேஜர் அந்தத் தாளை டிராயருக்குள் தள்ளிவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.

நான் நகரவில்லை. "காலைல எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. நான் எடுக்கலன்றதையும் அதே எடத்துல சொல்லுங்க."

மறுநாள் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார், தரையைப் பார்த்தபடி. கம்பியை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. நான் மெஷினில் போய் உட்கார்ந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிப்போய், முதல் காயிலைப் பிரித்து மறுபடி சுற்றினேன்.