அடியில் ஆளில்லாத கல்

“…அப்படின்னா அடியில ஆளு இருந்தே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது, கல்லு தனி, ஆளு தனி, அதத்தானலே அவன் சொல்லுதான்?” என்று பிலோமி அக்கா என்னிடம் கேட்டபோது, டில்லியில் ஹுமாயூன் சமாதியின் ஒரு மூலை அறைக்குள் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவன் என்று அவள் சொன்னது, பக்கத்தில் ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டியை. அவன் இந்தியில் சொன்னதைத் தமிழில் மாற்றிச் சொல்லித் தொலைத்தவன் நான்தான். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். டில்லியில் எந்த இடத்துக்கும் சுற்றித்தான் போகமுடிகிறது. இந்தக் கட்டுரை மட்டும் நேராகப் போய்விடுமா என்ன.

நான் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கஸ்டம்ஸுக்கும் குடோனுக்குமாக ஓடிக்கொண்டிருந்த என்னை, நல்ல சம்பளம் என்று டில்லிக்குக் கூப்பிட்டார்கள். என்ன வேலை என்று கேட்டேன். அதே வேலைதான், போர்ட்டில்தான் என்றார்கள். டில்லியில் ஏது போர்ட் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. வந்து பார்த்தால் துக்ளகாபாத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பொட்டல். ட்ரை போர்ட்டாம். கண்டெய்னர் உண்டு, கிரேன் உண்டு, கஸ்டம்ஸ் உண்டு, லாரிக்காரர்களின் கெட்ட வார்த்தை உண்டு. கடல் மட்டும் இல்லை. இத்தனை வருடம் ஆகியும் காலையில் கேட்டைத் தாண்டும்போது என் மூக்கு உப்பைத் தேடுகிறது. கிடைப்பது டீசலும் சமோசா எண்ணெயும். ஊரில் என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “தண்ணியில்லாத போர்ட்டுல சம்பளத்தயாவது நனைச்சுக் குடுக்கானுவளாலே?” என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, அதையும் காயப்போட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்றேன்.

எங்கள் கண்டெய்னர் மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய கோட்டை இடிந்து கிடக்கிறது. ஒரு சுல்தான் ஆசைப்பட்டு ஊரையே கட்டினாராம்; கட்டிய கொஞ்ச காலத்தில் கைவிட்டுவிட்டார்களாம். இப்போது குரங்குகள் குடியிருக்கின்றன, மனிதர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். கட்டிவிட்டு யாரும் குடியிருக்காத இடத்தைப் பார்ப்பதற்கு டிக்கெட் என்றால், எங்கள் ஊர்த் தெருவில் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கும் மாடிவீடுகளுக்கும் வாசலில் ஆள் உட்கார்த்தி வசூல் பண்ணலாம்.

டில்லியில் வீடு வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரனுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் காட்டுவது. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று எத்தனை தடவை சொன்னாலும் திங்கட்கிழமைதான் வந்து இறங்குவார்கள். குதுப்மினாரில் ஒருவர் தரையில் மண்டியிட்டு மொபைலைச் சாய்த்துப் பிடிப்பார். இன்னொருவர் காற்றில் இரண்டு விரலைக் குவித்துக்கொண்டு நிற்பார். கோபுரத்தை அவர் கிள்ளித் தூக்குவதுபோல் படம் வரவேண்டும். இடிக்கும் மின்னலுக்கும் ஈடுகொடுத்து நின்ற கோபுரம், கடைசியில் எங்கள் ஊர்ப் பலசரக்கு வியாபாரியின் விரலிடுக்கில் அகப்பட்டுக்கொண்டது. தாமரைக் கோயிலுக்குள் பேசக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே போனால் ‘பேசாத, பேசாத’ என்று பிள்ளைகளை அதட்டும் சத்தம்தான் கூரைவரை கேட்கிறது. இந்தியா கேட்டில் செதுக்கியிருப்பதெல்லாம் போரில் செத்தவர்களின் பெயர்கள் என்று சொன்னால், அப்படியா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? என் மேல்வீட்டு அம்மாளுக்குத் தூத்துக்குடி என்பது முத்து நகரம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு முத்துமாலை கேட்பாள். முத்துக்குளிப்பு நின்று ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று, இப்போது ஊரில் முத்து இருப்பது கடைப் பலகையிலும் பஸ் கண்ணாடியிலும்தான், எங்களிடம் இருப்பது உப்பும் மக்ரூன் என்ற முந்திரி மிட்டாயும் என்று என் ஓட்டை இந்தியில் விளக்கினேன். சரி, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை என்றாள். நான் பேரத்துக்கு அடிபோடுவதாக நினைத்துவிட்டாள். அடுத்த தடவை ஒரு டப்பா மக்ரூன் வாங்கி வந்து கொடுத்தேன். அவள் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பிலோமி அக்கா வந்தாள். என் கூடப்பிறந்தவள், எனக்கு மூத்தவள். அவள் புருஷன் சேவியர் அத்தான் தோணித் தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரத் தோணியை நடத்தியவர். புதுக் கயிறு வந்தால் முற்றத்தில் நின்று அவரேதான் அளப்பார். கடற்கரையில் கயிற்றை அளப்பது பாகக் கணக்கில். இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தால், இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனிவரை ஒரு பாகம். “ஏளா, இங்கன கைய வையி” என்பார். அவர் அளந்து முடித்த இடத்தை அக்கா பிடித்துக்கொள்வாள். அவர் அடுத்த பாகத்துக்கு நகர்வார். அக்காவின் கை நழுவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து அளக்கவேண்டும். அப்போது விழுகிற வசவு தெருமுனைவரை கேட்கும். அக்கா விடுகிற பதில் அதற்கும் அடுத்த தெருவரை.

ஒரு பயணத்தில் அந்தத் தோணி புயலில் சிக்கி மூழ்கியது. கூடப் போனவர்களை அந்த வழியாக வந்த கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டது. அத்தான் உயிராகவும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கடற்கரையில் நவம்பர் பிறந்ததும் கல்லறைத் திருநாள் வரும். கல்லறைக்கு வெள்ளையடித்து, புதுமணல் போட்டு, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவோம்; சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். கடலோடு போனவர்களுக்காக, நடுவில் இருக்கும் பெரிய சிலுவை மேடையில், குருசடியில், பொதுவாகத் திரி ஏற்றுவார்கள். அக்கா அங்கே ஏற்றமாட்டாள். “ஊர்ப்பொதுவுல எம் புருசன வைக்கமாட்டேன்” என்பாள். ஏற்றாத திரியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நிற்பாள். எல்லாரும் கலைந்ததும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவாள். வருடாவருடம் கொண்டுவந்த திரிகள் அவள் அலமாரியில் கிடக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் அவை வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிப்போயிருக்கின்றன.

கல்லறைத் தோட்டத்தில் அத்தான் பெயரில் ஒரு கல்லை வைத்துவிடு, உனக்கும் திரி வைக்க ஒரு இடம் ஆகும் என்று டில்லியிலிருந்து போனில் பல தடவை சொல்லிவிட்டேன். பங்குச் சாமியாரும் சரியென்றுவிட்டார். “ஆளில்லாத குழிக்குக் கல்லா? போறவன் வாரவன்லாம் படிச்சிட்டுச் சிரிக்கவா?” என்று கேட்டு வைத்தவள்தான், அந்தக் கோடை முழுவதும் என் போனை எடுக்கவில்லை. இந்த நவம்பரிலும் அவள் அப்படித்தான் நிற்கப்போகிறாள் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. டில்லி பார்க்க வா என்று அக்டோபரில் வரவழைத்தேன். அங்கே இங்கே கூட்டிப்போய், திருநாளைத் தாண்டவிட்டு அனுப்பிவைக்கலாம் என்பது என் எண்ணம். அவளோ திருநாளுக்கு முன்பே ஊர் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்து இறங்கினாள். என்னைப் பெற்றவளுக்கு அடுத்தபடி என்னைத் தெரிந்தவள் அவள்.

முதலில் குதுப்மினார். அங்கே துருப்பிடிக்காத இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி அரித்துக் கையோடு வந்துவிடுகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது ஒரு அவமானம். அக்கா வேலிக்கு வெளியே நின்று தூணை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரு ஐப்பசி கார்த்திகைக்கு நம்ம பீச் ரோட்டுல கொண்டாந்து நடச் சொல்லு, பாப்போம்” என்றாள். அப்புறம் ஒரு கல்லறையைப் பார்த்தோம். மறுநாள் லோதி தோட்டம், அங்கே வரிசையாகக் கல்லறைகள். அடுத்து சப்தர்ஜங், அதுவும் கல்லறை. ஒவ்வொன்றின் வாசலிலும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தக் கல்லறைகள் எந்த மதத்துக்காரர்களுடையவை என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே போகலாம் என்று காவலாளிகள்தான் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. லோதி தோட்டத்தில் ஒரு சுவரில் ராஜு என்றும் பிங்கி என்றும் கீறி, நடுவில் அம்பு விட்டிருந்தார்கள். எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “செத்தவன் பேரக் காணோம், பிங்கி பேரு இருக்கு” என்றாள். அன்று திரும்பும்போது பஸ்ஸில், செத்தவன் வீடாகவே காட்டிக்கொண்டு வருகிறாயே, இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவன் எங்கேதான் இருக்கிறான் என்று கேட்டாள். கோவிந்த்புரியில் என் வீட்டில், மூன்றாவது மாடியில், தண்ணீர் வருகிற நேரத்துக்குக் காத்துக்கொண்டு இருக்கிறான் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஹுமாயூன் சமாதி. சின்ன தாஜ்மஹால் என்று ஆட்டோக்காரன் பெருமையாகச் சொன்னான். பெரியதைக் கட்டுவதற்கு முன்பே இதைக் கட்டிவிட்டார்கள் என்று அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. படிகள் ஒவ்வொன்றும் முழங்காலுயரம். கட்டியவன் செத்த பிறகும் ஆட்களைப் பாடாய்ப் படுத்துகிறான் என்று அக்கா வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஏறினாள். பெரிய மண்டபத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கல். அந்த வழிகாட்டி கையை நீட்டி, “அஸ்லி கப்ர் நீச்சே ஹை. யே சிர்ஃப் நிஷான் ஹை” என்றான். நிஜக் கல்லறை தரைக்கு அடியில் இருக்கிறதாம். மேலே இருப்பது வெறும் அடையாளமாம். பிறகு எல்லாரும் மூலை அறைக்குப் போனோம். சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கல் ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்து, அங்கிருந்த கற்களெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தன. இவை யாருடையவை என்று உறுதியாகத் தெரியாது என்றான் வழிகாட்டி. அந்தக் குடும்பம் உடனே அவற்றின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது.

மேலே அடையாளம், ஆள் வேறெங்கோ. எனக்கு இதை விளக்க வழிகாட்டி தேவையில்லை. என் பெயரெழுதிய பலகை கோவிந்த்புரிக் கதவில் தொங்குகிறது. தபால்காரருக்கும் கேஸ்காரருக்கும் அது போதும். அந்தக் கசப்பில்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பார்த்தாயா அக்கா, இதற்குத்தான் இத்தனை படி ஏறி வந்தோம், அடியில் யார் என்றும் தெரியாது, இந்தக் கல்லுக்குக் கீழே ஆளே கிடையாது, சும்மா பேருக்கு ஒரு கல் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவள் டில்லிக்கு வந்த நாளிலிருந்து நானும் அவளும் தாண்டித் தாண்டிப் போன பேச்சு அது. அப்போதுதான் அக்கா கேட்டாள், கல் தனி, ஆள் தனி என்றுதானே சொல்கிறான் என்று. கேலி இல்லை அந்தக் குரலில்.

ஆமாம் என்றேன்.

கைப்பையை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். சுவரோரத்துக் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு, நீளவாக்கில் இரண்டு கையையும் விரித்து அதன்மேல் கவிழ்ந்தாள். கன்னம் கல்லில் படிந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் மொபைலைத் தூக்கிப் பிடித்தாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தான். அம்மா அழக்கூடாது, கல்லைத் தொடக்கூடாது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, இங்கே புதைத்திருப்பவர்கள் உங்களுக்குச் சொந்தமா என்று என்னிடம் கேட்டான்.

அக்கா அழவில்லை. வலதுகை விரல்நுனி கல்லின் தலைமாட்டு விளிம்பில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, இடதுகை போய் முடிந்த இடத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ஏலே, இங்கன கைய வையி. ஒங்கத்தான் நல்ல வளத்தி. நழுவ விட்டிராத.”

வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. காவலாளி மறுபடி விசில் ஊதினான். அக்கா என் கையைத் தாண்டி, கால்மாட்டுப் பக்கம் மிச்சத்தை அளக்க நகர்ந்தாள்.